பட்ட ஓக் மரத்தின் மேல் ஒரு பொறாமை

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரில் காட்டுக்கும் திறக்கும் நேரம், பூட்டும் நேரம் உண்டு. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் பக்கத்திலுள்ள ஓக் காட்டுக்கு மே மாதத்து ஞாயிறொன்றில் போனபோது, வாசலில் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தபடிதான் காரைவிட்டு இறங்கினேன். சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை.

பாதையோரம் பெரிய ஓக் ஒன்று பட்டு விழுந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் காய்ந்த கொப்பைக் கண்டும் காணாமல் போவானா? பாபிக்யூ அடுப்புக்கு ஆகும் என்று ஒரு கட்டு முறித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அந்தக் காட்டில் தொண்டராக இருக்கும் வயதான பெண்மணி ஒருவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டு விரைந்து வந்தார். எனக்குத் தெரிந்தது நான் வேலைசெய்யும் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலம் மட்டுமே. மனைவி ரஞ்சி கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்த்துப் பார்த்தே பிரெஞ்சு பிடித்தவள்; அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"எடுத்த இடத்திலையே போடட்டாம். உதுக்குள்ள பூச்சியள் இருக்குதாம், மரங்கொத்தி வந்து தின்னுமாம்."

"செத்த மரமெல்லே?"

"செத்தாலும் அது அதின்ரை இடமாம்."

விறகைப் போட்டேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெள்ளை டிரில்லியம் என்ற காட்டுச்செடி பூக்க வருடக்கணக்காகுமாம், பாதையைவிட்டு இறங்கி மிதிக்கக் கூடாதாம். ஒரு பொந்தில் ஆந்தை இருந்தது. இன்னோர் ஓக்கைத் தட்டி, சின்ன வயதில் தகப்பன் தன்னைக் கூட்டிவந்து காட்டிய மரம் இது என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"உங்களுக்கு மரத்திலையும் எரிச்சலே?" என்றாள் ரஞ்சி.

எரிச்சல்தான். தெல்லிப்பழையில் எங்கள் வீடும் காணியும் இராணுவ வேலிக்குள் போய் வருடங்களாகிவிட்டன. போர்நிறுத்தம், சமாதானம் என்ற காலத்தில் ஆசையாகப் போனோம். முள்ளுக்கம்பிக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள். கூரைகூடத் தெரியவில்லை, பற்றைதான் தெரிந்தது. இங்கே பூச்சிக்கும் ஆந்தைக்கும் கிடைத்த காவல் எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது.

"எங்கடை காணியைப் பற்றி உவவுக்குச் சொல்லும்" என்றேன். அந்த அம்மாவும் கொஞ்சம் வருந்தட்டுமே என்ற வீம்பு.

ரஞ்சி சொன்னாள். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"ஒருத்தரும் வெட்டாட்டி, உங்கடை காணி மரங்களெல்லாம் இப்ப நல்லாப் பெருத்திருக்குமே எண்டு கேக்கிறா."

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கலியாணம் கட்டிய புதிதில் ரஞ்சி முற்றத்தில் ஊன்றிய மாங்கொட்டை நினைவுக்கு வந்தது. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கன்று என் இடுப்புக்கு நின்றது. இத்தனை காலமும் என் மனதில் அது அந்த உயரத்திலேயே நின்றிருக்கிறது.

"ஓமெண்டு சொல்லும்" என்றேன். அந்த அம்மாவுக்கு உண்மையான சந்தோஷம்.

காரில் ஏறிய பிறகும் ரஞ்சி சாவியைத் திருப்பவில்லை.

"எங்கடை மா காய்ச்சிருக்கும், என்ன?"

"ஓம்."

"புளிக்குமோ இனிக்குமோ எண்டே எங்களுக்குத் தெரியாதப்பா."

அதன் நிழலில் துவக்கோடு நிற்கிற இராணுவக்காரன் யாரோ ஒருவனுக்குத் தெரிந்திருக்கும்.