பனி பிளந்த படகு இன்ஜின்

மூன்று நான்கு வருடங்களுக்கு முன், மார்கழி பிறந்திருந்த நேரம். பசுவந்தனைக்குப் பக்கத்தில், என் அக்காவின் மக்காச்சோளக் காட்டில் தொடங்கியது இது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டி, செங்கல் சூளை, லாரி என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போவேன். எதிலும் நிலைத்ததில்லை. அந்த வருடம் கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரியில் மாற்று ஓட்டுநர். காஷ்மீரில் ஆப்பிள் லோடுக்குக் காத்துக் கிடந்தபோது, ஒரு ஏரிக்கரையில் பழைய படகு இன்ஜின் ஒன்று விற்பனைக்கு இருந்தது. சின்ன டீசல் இன்ஜின். போன குளிர்காலத்திலிருந்து அதை யாரும் ஓட்டவில்லை என்று படகுக்காரர் சைகையில் சொன்னார். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், சுழன்றது. அக்கா காட்டை ஒட்டி ஒரு பண்ணைக்குட்டை உண்டு. இதில் பம்பை மாட்டினால் மழை ஏமாற்றுகிற வருடம் தப்பிக்கலாம் என்று வாங்கி, ஆப்பிள் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது மழை ஏமாற்றியே விட்டிருந்தது. அக்கா போனில் ஒவ்வொரு முறையும், "நல்லாத்தாம்ல இருக்கோம்" என்பாள். வந்து பார்த்தால், அத்தான் இடுப்பு விழுந்து மாதக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிறார். உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே பார்த்திருக்கிறாள். கதிர் பிடிக்கிற பருவத்தில் பயிர் நடுப்பகலில் இலையைச் சுருட்டத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைக்கும். குட்டையில் அந்த அளவுக்கு மட்டும் தண்ணீர் கிடந்தது. ஊரில் இருந்த வாடகை இன்ஜின்கள் எல்லாம் வேறு காடுகளில் ஓடிக்கொண்டிருந்தன.

படகு இன்ஜினைக் குட்டைக்கரையில் இறக்கி ஓட்டினோம். ஓடியது. ஆனால் அதைச் சுற்றி ஓடிக் குளிர வைக்க வேண்டிய தண்ணீர், விலாப்புறத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு வழியாகப் பீய்ச்சியது.

"காஷ்மீர்ல இருந்து தம்பி கம்பளி கொண்டாருவான்னு பாத்தேன். ஓட்ட இன்ஜினக் கொண்டாந்திருக்கான்" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். கோடையில் கரிசல் காடு கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் மண் ஊறி, உப்பி, தானே மூடிக்கொள்ளும். "காட்டு வெடிப்பையே அடைக்குத மண்ணு, இந்த மயிரிழைய அடைக்காதா?" எனக்கும் சரியென்றே பட்டது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, குழைத்த கரிசல் மண்ணை உள்பக்கமாக அப்பினோம். ஒழுக்கு நின்றது. அக்கா முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். ஆனால் முதல் பாத்தி நனைவதற்குள் இன்ஜின் கொதித்து ஆவி கக்கி நின்றுவிட்டது. சூட்டில் அந்த மண் செங்கல்லாக வெந்து, தண்ணீர் போகும் வழியையே அடைத்திருந்தது.

லோடு ஆட்டோவில் ஏற்றிக் கயத்தாறுக்குக் கொண்டுபோனேன். இரண்டு பட்டறைகளில் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். மூன்றாவது பட்டறைக்காரர் லாரி வேலையாக இருந்தார். பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்துவிட்டு வந்தவராம். மூடியைத் திறந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருவே இதுக்குள்ள வீடு கட்டுனது?"

"எங்க அக்காதான் அண்ணாச்சி" என்றேன்.

"அவியள ஒண்ணும் சொல்லாதீரும். மண்ண நம்பிப் பொழைக்கவிய" என்றபடி, வெடிப்பை விரலால் தடவினார். "இது தண்ணி ஒறஞ்சு வெடிச்சது. குளிர்காலத்துல இன்ஜின்ல இருந்து தண்ணிய வடிக்காம விட்டுட்டானுவ."

ஐஸ் இரும்பை உடைக்குமா என்று கேட்டேன். எங்கள் பக்கம் ஐஸ் என்றால் குச்சியில் வைத்து உறிஞ்சுவது.

"தண்ணி கட்டியாவும்போது கூடுதலா எடம் கேக்கும்வே. குடுக்கலன்னா பொளந்துரும்." செருப்பைக் கழற்றி இடது காலைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை, பட்டாளத்தில் பனிமலையில் இருந்தபோது போனவையாம். "எனக்கு வெரலு. இதுக்கு வெலா."

அக்கா காட்டில் பயிர் வாடுவதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்த இன்ஜினை விடவில்லை. லாரிக்காரர் வந்து கத்தினார். "ஒம்ம லோடு நாளைக்கும் போவும். அங்கன பயிரு நிக்காது" என்று பட்டறைக்காரர் அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டார்.

வெந்த மண்ணைச் சைக்கிள் கம்பியால் நோண்டியெடுக்கவே அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. வெல்டிங் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்றேன். வார்ப்பிரும்பு சூடேறினால் வெடிப்பு இன்னும் ஓடும் என்றார். மறுநாள் காலையில் வெடிப்பின் மேல் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினார். கொஞ்ச நேரத்தில், உள்ளே போயிருந்த மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் ஈரக் கோடாக வந்தது. எனக்குத் தெரிந்த வெடிப்பு ஒரு சாண்கூட இல்லை. அந்தக் கோடு அதைப்போல இரண்டு மடங்கு ஓடியது.

"தெரியுத முனை நெச முனை இல்லவே. மொதல்ல எங்க முடியுதுன்னு பாக்கணும். அத நிறுத்தாம நடுவுல எதப் போட்டு அடைச்சும் பிரயோசனமில்ல."

இரண்டு நிஜ முனைகளிலும் துளை போட்டு வெடிப்பை நிறுத்தினார். பிறகு கோடு நெடுக ஒன்றையொன்று கடிக்கிறாற்போலத் துளையிட்டு, பித்தளைத் திருகாணிகளை முறுக்கி, தலையை வெட்டித் தட்டி, அரத்தால் ராவினார். துணி தைப்பதுபோல இருந்தது. நடுவில் அக்கா போன் செய்தாள். இலை இப்போது காலையிலேயே சுருண்டுவிடுகிறது என்றாள். 

அடுத்த நாள் இன்ஜின் குட்டைக்கரையில் ஓடியது. அக்கா அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். கை காய்ந்தே இருந்தது. "ஒழுகல லே" என்றாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.  வாய்க்காலை நானே திருப்பிவிட்டேன்.

மேட்டுப்பக்கம் பயிர் தப்பவில்லை. குட்டைப்பக்கம் பாதிக் காடு கதிர் வாங்கியது. அந்த வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த விதைப்புக்கு அக்கா நிலத்தைத் தரிசாகப் போடவில்லை.

நான் மறுபடியும் லாரி ஏறிவிட்டேன். அந்தப் பட்டறைக்காரரை அப்புறம் பார்க்கவில்லை. இப்போதும் அக்கா போனில் "நல்லாத்தாம்ல இருக்கோம்" என்றுதான் சொல்கிறாள். முன்பெல்லாம் அதோடு போனை வைத்துவிடுவேன். இப்போது வைப்பதில்லை, அந்தப் பேச்சு உண்மையில் எங்கே போய் முடிகிறது என்று தெரியும்வரை காதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.