மேகத்துக்குள் நான் சொன்ன வழி

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். எட்டாவது வரைதான் படித்தேன் என்பது ஒரு காரணம். என் தவறையும் சேர்த்து எழுத வேண்டுமே என்பதுதான் பெரிய காரணம்.

அது கார்த்திகை மாதம். ஹூப்ளியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் என் மனைவி கதீஜாவுக்கு மூச்சு முட்டியது. முன்பு அவளுக்கு இதய ஆபரேஷன் செய்த டாக்டர் பாளையங்கோட்டையில் இருந்தார். உடனே கொண்டுவரச் சொன்னார். மருமகன் ஆம்புலன்ஸ் விமானம் ஏற்பாடு செய்தார். உள்ளே ஒரு வேன் அளவுதான் இடம். ஓட்டியது அம்பாசமுத்திரத்துப் பெண்.

இறங்க வேண்டிய தூத்துக்குடி விமான நிலையத்தை நெருங்கியபோது மழை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை தவிர ஒன்றுமில்லை. ஆக்ஸிஜன் இன்னும் முக்கால் மணி நேரம்தான் வரும் என்றார் கூட வந்த நர்ஸ். எனக்கு உயிரே போனதுபோல் ஆகிவிட்டது.

மேகம் கிழிந்த ஓரிடத்தில் நீளமாகத் தண்ணீர் தெரிந்தது. எட்டி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துவிட்டேன்.

"எம்மா, அந்தா நம்ம ஆறு! அதப் புடிச்சே போ, எறக்கிரலாம்!"

"பாய், கைய எடுங்க. ஆறு வலப்பக்கம் எட்டத்துல கெடக்கு. நீங்க பாக்குதது வயக்காட்டு வெள்ளம்."

"முக்கூடல்லருந்து முப்பது வருசம் வேன் ஓட்டுனவன். எனக்குத் தெரியாதா?"

"இங்கன ரோடு இல்லையே பாய்! செயற்கைக்கோள் எடம் சொல்லுது, நான் அதத்தான் நம்புதேன். குறிச்ச உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதை கண்ணுல பட்டா எறங்குவேன். படலன்னா மேல ஏறிருவேன்."

ஓடுபாதை கண்ணில் படவில்லை. ஏறிவிட்டாள்.

'யா அல்லாஹ், இப்பவே இறக்கிவிடு' என்றே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். என் துஆ, அந்த வேண்டுதல், மறுக்கப்பட்டுவிட்டது என்று அழுதேன். கதீஜாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. 'யா அல்லாஹ், வழி உனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையின் கண்ணையும் கையையும் காத்துக்கொள்' என்றேன்.

சுற்றிவந்து மறுபடி தாழ்ந்தாள். வெள்ளை. வெள்ளை. பிறகு நேர் எதிரே விளக்கு வரிசை. சக்கரம் தரையைத் தொட்டது.

கதீஜா பிழைத்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

இறங்கியதும், வெளியே காத்திருந்த ஆம்புலன்ஸ் வேனில் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்ன ஆத்துல எறக்கிருந்தா நாத்துதான் நட்டிருப்போம், பாய்" என்று சிரித்தாள். அப்போதுதான் விளங்கியது. விமானம் மேலே ஏறியதே என் துஆவுக்கு முதல் பதில்.

இப்போது தொழுதபின் தேவையை மட்டும் கேட்கிறேன். இறைவனுக்கு வழி சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். தவிப்பில் இருப்பவர்களே, நீங்களும் அப்படி ஒப்படைத்துப் பாருங்கள்.

இதைப் பிறருக்குச் சொல்லும்போது வானவர் வந்து விமானத்தைத் தாங்கினார் என்று சேர்க்க வேண்டாம். ஒரு பெண் அவசரப்படாமல் தன் வேலையைச் செய்தாள். நடந்தது அதுதான். அப்படியே சொல்லுங்கள்.