மாடசாமி நடந்த தெரு

சிறுவர்க்குச் சரித்திரம் எழுதும் தொழிலில், எழுதுவதைக் காட்டிலும் எழுத வேண்டாம் என்று பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதே பெரும்பகுதி. இதே தொழிலில் உழலும் அன்பர்கள் நான் சொல்வதை மறுக்க மாட்டார்கள்.

படம் இல்லாதவர்

சங்கரன்கோவில் சந்நிதியில் காலைப் பதிகம் ஓதி முடித்தபின் எழுத உட்காருவது என் வழக்கம். நம் வட்டாரத்தில் ஓர் உரிமையை முதன்முதலில் கேட்டுப் பெற்றும் பெயர் வெளியே வராமற்போனவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுநூல் எழுதத் தொடங்கினேன். குருவிகுளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மாடசாமி அவர்களுள் ஒருவர், பருத்திக்காட்டுக் கூலி. அவர் தெருவில் யார் இறந்தாலும், பாடை ஊரின் பெரிய தெரு வழியே போகக்கூடாது. ஐப்பசி மழையிலும் இடுப்பளவு நீரில் ஓடை வழியேதான் சுடுகாடு சேர வேண்டும். தம் தாயின் பாடையைப் பெரிய தெரு வழியே முதலில் தூக்கிச் சென்றவர் மாடசாமி.

பதிப்பகத்தார் படித்துவிட்டு அவருடைய இளவயதுப் படம் கேட்டார். படமே எடுத்துக்கொள்ளாத மனிதர் அவர் என்றேன்.

"படம் இல்லைன்னா பிள்ளைங்க புரட்டிட்டுப் போயிடுவாங்கய்யா. வேற யாராவது தெரிஞ்ச ஆளாப் பாருங்களேன்."

உருகாத உள்ளங்கள்

அடியார் சரிதங்களிலேயே ஊறிய கை என்னுடையது. 'தாயை இழந்த மகனின் கண்ணீர் கண்டு தெருவோர் உள்ளம் இறையருளால் உருகிற்று; வழி பிறந்தது' என்று எழுதி, மாடசாமியிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். எண்பது கடந்தவர், கண் மூடிக் கேட்டார். மெய்மறந்து கேட்கிறார் என்று எண்ணி, அந்த வரியை இன்னொரு முறையும் ஓதினேன்.

"யாருக்கும் உருகலை அண்ணாச்சி. முத நாள் அடிச்சாவ. ஆத்தாளைப் பாடையிலயே கிடத்திட்டு, தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தோம். போலீசு லத்தியோட வந்து நின்னுச்சு, போனோம். அதை எழுதும். பின்னால வாரவனுக்கு எப்படிப் போகணும்னு தெரியணும்லா."

அன்றே திருத்தி எழுதினேன்.

வகுப்பறையில் ஒரு கேள்வி

அச்சுக்குப் போகுமுன் பள்ளி ஒன்றில் அந்த அத்தியாயத்தை வாசித்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். இப்போது அந்தத் தெரு வழியாக எல்லாரும் போகிறார்களா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். போகிறார்கள் அம்மா, அதற்காகத்தானே அவர் அடிபட்டார் என்றேன். கைதட்டல் எழுந்தது.

தமிழாசிரியர் பேருந்து நிறுத்தம் வரை உடன்வந்தார். கடையநல்லூர்க்காரர், அதிகம் பேசாதவர். வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகே வாய் திறந்தார்.

"போறாங்கன்னு சொல்லிட்டீங்க. போய்ப் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

புத்தகம் கொண்டுபோன நாள்

புத்தகம் வந்ததும், முதற்படியை மாடசாமி கையில் கொடுக்க எண்ணிப் புறப்பட்டேன். வீட்டு வாசலில் அவர் மகன் மொட்டைத் தலையோடு அமர்ந்திருந்தார். பெரியவர் முந்தின வாரமே காலமாகிவிட்டார். ஆறுதலாகச் சொல்ல வேறொன்றும் தோன்றாமல், தாயைக் கொண்டுபோன தெரு வழியே தாமும் போகும் பேறு அவருக்குக் கிடைத்ததே என்றேன்.

மகன் நிமிர்ந்து பார்த்தார். ஓடை வழியாகத்தான் தூக்கிப் போனோம் என்றார். அன்று பெரிய தெருவில் அம்மன் கோயில் கொடைவிழா. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மனு கொடுக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நான் நாள்தோறும் கைகூப்பும் தாய்க்கு இட்ட பந்தல் அல்லவா? அவரே சொன்னார்:

"இன்னைக்கு ஒருநா மட்டும் விட்டுக்குடுங்கன்னு வீட்டுக்கே வந்து கேட்டாவ. அப்பா காலத்துல அடிச்சாவ, எதுத்து நின்னாரு. இப்ப கும்பிடுதாவ. கும்பிடுதவங்களை என்ன செய்ய, அண்ணாச்சி?"

முதலில் நடந்தவரைப் பற்றிப் புத்தகம் எழுதுவது, அவரைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் அதே தெருவில் நடப்பது என்னும் இரண்டு வேலைகளுள் எளியதையே நான் தொழிலாகக் கொண்டிருக்கிறேன்.