மச்சானின் வெள்ளைப் பிள்ளை

தோட்டத்திலிருந்து நோர்வூட் பஜாரை நோக்கி இறங்கும் ரோட்டில் நான் தகரப்பெட்டியோடு முன்னால் நடந்தேன். அக்கா கைப்பிள்ளையைக் கம்பளிக்குள் மூடிக்கொண்டு பின்னால் வந்தாள். குளிருக்காக மூடவில்லை. வெயில் பட்டால் அந்தத் தோல் கொப்புளித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் பிள்ளை வீறிட்டது. முடி பஞ்சுபோல வெள்ளை. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"தொர மகன் போறாரு பாருங்கடி. ஏன்டி, கார் அனுப்பலையா?"

அக்கா கம்பளியை இன்னும் இழுத்து மூடினாள். அவளுக்கு வேண்டியிருந்தது பிள்ளையோடு படுக்க ஒரு காம்பரா, ஒற்றை அறை. பிள்ளை இல்லாமல் வந்தால் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளுக்கு இடம் இருந்தது. அவளுடைய மாமியார், அப்பாவின் கூடப்பிறந்தவளான எங்கள் அத்தை, காலையில் அதைத்தான் சொன்னாள்.

"இத தொர பங்களா வாசல்ல போட்டுட்டு வா. வந்தா சோறு இருக்கு."

"உங்க பேரன் அத்த. மூக்கப் பாருங்க, மச்சான் மூக்கு."

"மூக்கு யாருக்குத்தான் இல்ல? எம் மவனும் கறுப்பு, நீயும் கறுப்பு. இந்தச் சுண்ணாம்பு எங்கருந்துடி வந்துச்சு?"

அக்காவின் புருஷனான மச்சான் உள்ளே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். "ரொட்டி ஆறிப்போகுது" என்றார்.

அக்கா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் லயத்தில் வெள்ளை என்றால் அது பங்களாவிலிருந்துதான் வரவேண்டும்.

வெகுகாலம் கழித்து, கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, சாமான் சுற்றக் கிழிக்கச் சொல்லிக் கொடுத்த உயிரியல் புத்தகத்தில் விஷயத்தைப் படித்தேன். உடம்பின் கலங்கள் என்ற நுண்ணிய அறைகளுக்குள் டி.என்.ஏ. என்று ஓர் இழை இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்ற கட்டளை அதில்தான். இழை கலத்தின் நடுவிலுள்ள கருவை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதிக்கு ஒரு பிரதி எடுக்கப்பட்டு வெளியே போகிறது. அதன்படி அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. துரை ஆபீஸை விட்டு இறங்காமல், அவர் கட்டளை மட்டும் சீட்டில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து, ஆட்கள் வரிசையில் நிற்பதைப் போல. தோலுக்குக் கறுப்பைச் செய்வதும் அப்படி ஒரு புரதம். கட்டளையில் ஓரெழுத்து பிசகினாலே அது உதவாமல் போகலாம். தாய் ஒரு கட்டளை தருகிறாள், தகப்பன் ஒன்று. ஒன்று சரியாக இருந்தாலும் பிள்ளை கறுப்பாகவே பிறக்கும். இரண்டும் பிசகினால்தான் இப்படி.

அந்தப் பிசகு தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து அப்பாவுக்கும் அத்தைக்கும், அவர்களிடமிருந்து அக்காவுக்கும் மச்சானுக்கும் இறங்கியிருக்க வேண்டும். உரிமைப் பெண் வெளியே போகக்கூடாது என்று அடம்பிடித்து அக்காவை மகனுக்குக் கட்டியது அத்தைதான். அந்த வெள்ளையில் பாதி மச்சான் கொடுத்தது. துரைக்கு அதில் பங்கில்லை.

இது எதுவும் தெரியாமல்தான் அன்று பஜாரில் அறை கேட்டு அலைந்தோம். கேட்ட இடத்திலெல்லாம் கம்பளியை விலக்கிப் பார்த்தார்கள். பார்த்தபின் அறை இல்லை. பொழுது சாயும்போது, கக்கூஸ் வாளி தூக்குகிறவர்களின் மேஸ்திரி எங்களை நிறுத்தினார்.

"ஒரு ஆளு ஓடிட்டான். வர்றியா? காம்பரா உண்டு."

"புள்ள வெள்ளையா இருக்குங்க" என்றேன்.

"இருக்கட்டும். எங்க காம்பராப் பக்கம் எவன் வந்து பாக்கப் போறான்?"

மறுநாள் விடியுமுன் மூக்கில் துணி கட்டி முதல் வாளியைத் தலையில் ஏற்றினேன். அக்கா பிள்ளையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.