பத்மினி கேட்ட நான்கு நாள்

செவ்வாய்க்கிழமை காலை அறுவை அரங்கின் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பவானிபூரிலிருந்து டாக்டர் பத்மினியின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டா சார். தூக்கத்துலயே." அன்று நான் கத்தியைத் தொடவில்லை. வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் மருத்துவமனையைச் சேர்ந்த உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நாங்கள் வெட்டி அனுப்பும் சதையை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று சொல்பவர். முடிவைப் போனில் சொல்லவே மாட்டார். "ஏறி வாங்க, கண்ணால பாருங்க" என்பார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், "அறுக்கிறவங்களுக்கு அவசரம் கூடவே பொறந்தது" என்று ஒரு குத்து குத்துவார். எனக்குக் கோபம் வரும்.

சில வருடங்களுக்கு முன் ஜாதவ்பூர் பள்ளி ஆசிரியர் ஒருவர் மஞ்சள் காமாலையோடு வந்தார். கணையத்தில் கட்டி. ஸ்கேன் பார்த்த எல்லோரும் புற்றுநோய் என்றோம். ஊசியில் எடுத்த துணுக்கைப் பார்த்துவிட்டு பத்மினி மட்டும் தயங்கினார். "புற்றணு ஒண்ணுகூட இல்ல. எதிர்ப்பு அணுக்கள்தான் கூட்டமா நிக்குது. இன்னொரு சாயம் போட்டுப் பார்க்கணும். நாலு நாள் கொடுங்க."

நான் மூன்றாம் நாளே அறுத்தேன்.

நான்காம் நாள் பத்மினியின் முடிவு வந்தது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கூடி வீங்கிய கட்டி அது. ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கரைந்திருக்கும். அறிக்கையில் 'சந்தேகத்துக்குரிய அணுக்கள்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வெட்கமில்லாமல் அவரிடம் கேட்டேன். "ஸ்லைடுல இல்லாததை எப்படி எழுதறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஆசிரியரின் படுக்கைக்கு இருவரும் போனோம். புற்றுநோய் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் பத்மினி, "மிச்சத்தையும் நீங்கதான் சொல்லணும். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஒவ்வொரு துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பும், சொல்லியாயிற்றா என்று ஒரு முறை கேட்பார். நான் வேறு பேச்சுக்குத் தாவுவேன். நான் கணையத்தை வெட்டியெடுத்ததால் ஆசிரியர் அதற்குள் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர் ஆகியிருந்தார்.

பத்மினியை எரித்த மறுநாள் ஜாதவ்பூர் போனேன். ஆசிரியரின் மனைவி தேநீரும் ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்பும் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அதனாலதான் மாசாமாசம் போன் பண்ணி சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டாங்களா?"

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடமும் என் பிழையை எனக்குத் தெரியாமலே அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மாதாந்திர அழைப்புதான் அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இனி அதை நான் செய்ய வேண்டும். அவர்கள் என் போனை எடுப்பார்களா என்று தெரியவில்லை. ஆசிரியரின் மனைவி நான் தொடாத சந்தேஷ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.