கேட்டு வரப் போன நேரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் சூடான் நாட்டுக் கதை ஒன்று வரும். நைல் நதிக்கரை நகரமொன்றில் எதிரிகள் சூழ்ந்துகொள்ள, வெள்ளைக்காரத் தளபதி ஒருவர் மாட்டிக்கொண்டார். மீட்கப் படை அனுப்பலாமா வேண்டாமா என்று லண்டனில் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் படை போய்ச் சேர்ந்தபோது நகரம் விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆள் உயிரோடு இல்லை. அடுத்தவன் ஊரில் அவருக்கு என்ன வேலை என்பது வேறு கேள்வி. என் கோபமெல்லாம் அந்த லண்டன் கனவான்கள் மேல்தான். "பேசிப் பேசியே ஆளைக் கொன்னுட்டாங்க" என்று வகுப்பில் பொரிந்து தள்ளுவேன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அந்த வருஷம் பாடு மீறியதாகப் பக்கத்துக் குப்பத்தோடு பெரிய அடிதடி. இனி அவர்கள் முறை நாளில் அவர்கள் வலை போடும் தண்ணீரில் எங்கள் படகு நுழையாது என்று எங்கள் பெரியவர்கள் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திடீர்க் காற்றில் என் அண்ணனின் படகு கவிழ்ந்தது. காற்று அதை அவர்கள் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று. அன்று அவர்கள் முறை. முகத்துவாரத்தின் இழுப்பில் நீந்தி வர முடியாமல், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கையை ஆட்டியது கரைக்கே தெரிந்தது.

படகைத் தள்ளச் சொல்லி அண்ணி ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள்.

"கொஞ்சம் இரும்மா. ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்துர்றோம். சொல்லாம பூந்தா மறுபடியும் வெட்டுக்குத்துதான்" என்றார் எங்கள் தலைவர். ஓர் ஆளைப் பக்கத்துக் குப்பத்துக்குக் கரையோடு ஓடவிட்டார்.

நானும் கத்தினேன். "இன்னா டீச்சரம்மா, ஊரு கட்டுப்பாடு உனக்குத் தெரியாததா?" என்றார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. படகு தள்ளும் கழியைக் கையில் பிடித்தபடியேதான் நின்றார்கள்.

கேட்கப் போனவர் பக்கத்துக் குப்பத்துப் படகில் வந்தார். காற்றைக் கண்டு கரையேறியிருந்த அவர்களுக்கு, சவுக்குத் தோப்பு மறைத்ததால் அதுவரை எதுவும் தெரியவில்லை. காதில் விழுந்த உடனே இருந்த படகையெல்லாம் தள்ளிவிட்டார்கள். அவர்கள் வந்தபோது கவிழ்ந்த படகு மட்டும் மிதந்தது. அண்ணனைத் தண்ணீருக்குள் தேடித்தான் எடுத்தார்கள்.

உடலைக் கரையில் கிடத்திவிட்டு அவர்கள் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "வலைக்குத்தான்யா பாடு. உயிருக்குமா பாடு? இதைப் போயி இன்னாத்துக்குக் கேக்க வந்தீங்கோ?"



அடுத்த வருஷமும் அந்தப் பாடம் வந்தது. லண்டன்காரர்களைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் தலைவரைத்தான் வீட்டில் வைத்து வாய்க்கு வந்தபடி வைதேன். அண்ணி கேட்டுக்கொண்டே மீன் ஆய்ந்தாள்.

"அவரத் திட்டி இன்னா ஆவப்போவுது?" என்றாள். "படகு கரையிலதான் இருந்திச்சி. எனக்கும் தள்ளத் தெரியும். நானும் ஆளாளுகிட்ட கேட்டுக்கினுதானே நின்னேன்."