சித்தி ஆடிய பக்கம்

என் மகளுக்கு எட்டு வயது. செல்போனில் செஸ் வகுப்பு நடக்கிறது. ஒரு மாதமாக அவளுடைய பயிற்சியாளர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் சொல்லித் தருகிறார். இரண்டு ராஜா, ஒரு சிப்பாய், அவ்வளவுதான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதற்கு ஒரே சண்டை. பிள்ளைகள் இருபது நகர்த்தலுக்குள் ராணியைப் பறிகொடுத்துவிட்டு வருகிறார்கள், கடைசி ஆட்டம் யாருக்கு வரப்போகிறது என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். அடிப்படை முக்கியம் என்றார் இன்னொருவர். நான் மூன்று முறை பதில் எழுதி, மூன்று முறையும் அழித்தேன். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. அது யாருடைய கட்சிக்குச் சாதகம் என்றுதான் தெரியவில்லை.

நான் ஏழாவது படித்தபோது மரக்காணத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். நான் கண் விழிக்கும்போது மூடி வைத்த சோறு இருக்கும், ஆள் இருக்காது. மதியம் வந்து தூங்குவார்கள். நான் பள்ளி விட்டு வரும்போது சத்தம் போடக்கூடாது. அந்த வீட்டில் பேசுவதற்கு நேரம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் பி.டி. சார் செஸ் போட்டிக்கு ஐந்து பேரைப் பிடித்தார். ஐந்தாவது ஆள் நான். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு செட், அதை வீட்டுக்குத் தரமாட்டார். பழைய உடைந்த செட்டிலிருந்து இரண்டு ராஜாவையும் ஒரு சிப்பாயையும் எடுத்துக் காகிதத்தில் மடித்து, நான்கு பக்க ஜெராக்ஸோடு கொடுத்தார்.

"ஆரம்பத்த எல்லாரும் படிச்சிட்டு வருவான். கடைசிய எவனும் தொடமாட்டான். நீ அதப் படி."

அது பயிற்சி முறையா, காய் இல்லாத குறையா என்று நான் யோசிக்கவில்லை. தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அறுபத்துநாலு கட்டம் போட்டேன். பத்து நாள் என் வலது கைக்கும் இடது கைக்கும் ஆட்டம் நடந்தது. வலது கைதான் எப்போதும் ஜெயித்தது. ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லை.

அப்போதுதான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கிளியனூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பையோடு வந்தாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பம்ப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்குத் தலை பின்ன வேண்டுமென்றால் என்னைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். "நான் இனிமே அங்க போவ மாட்டேன்க்கா" என்று அம்மாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா "பாக்கலாம்" என்றார்.

எனக்கோ ஆட ஆள் கிடைத்துவிட்டது.

"நீ ஒத்த ராஜாவ வச்சிக்க சித்தி. நான் சிப்பாயோட வருவேன், அது கடைசிக் கட்டத்துக்குப் போயிட்டா ராணியாயிடும். நீ தோக்கணும், அவ்ளோதான்."

"அது எனக்கு நல்லாவே வருமே" என்றாள்.

முதல் சில நாட்கள் வரத்தான் செய்தது. பிறகு அவள் தோற்பதை நிறுத்திவிட்டாள். நான் என்ன செய்தாலும் அவளுடைய ராஜா சிப்பாயின் முன்னால் நின்றது. துரத்தினால் பக்கத்தில் ஒதுங்காமல் நேராகப் பின்னால் போனது. என் ராஜா முன்னே வந்ததும் ஒரு கட்டம் விட்டு எதிரே நின்றது.

"ஜெராக்ஸப் பாத்தியா?" என்று சந்தேகப்பட்டேன்.

"இதுக்கு எதுக்குடி ஜெராக்ஸு? அளத்துல வரப்பு மேல வெறுங்கையோட வர்றேன், எதிர்ல ஒருத்தி உப்புக் கூடையோட வந்துட்டா. பாத்தியில கால வச்சா உப்பு போச்சு, மேஸ்திரி கத்துவாரு. நேரா பின்னாலதான் போவணும். அவ நின்னா நாமளும் நிக்கணும்." கல்யாணத்துக்கு முன்னால் அவளும் உப்பு சுமந்தவள்தான்.

ஒருநாள் அவளுடைய ராஜா கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டது. செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. "தோத்துட்டேனா?" என்றாள். இல்லை, செக் இல்லாமல் நகர வழியில்லாவிட்டால் டிரா என்று ஜெராக்ஸைப் பார்த்து நான் கடுப்போடு சொன்னேன்.

"போறதுக்கு எடமே இல்லன்னா தோக்கலியா? யாருடி இந்தச் சட்டத்தப் போட்டது? நல்லா இருக்குதே!" சித்தி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தினமும் டிராதான். நான் ஜெயிக்கப் படிக்கிறேன், நீ கெடுக்கிறாய் என்று ஒருநாள் அட்டையைத் தள்ளிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் உருண்ட சிப்பாயை அவள்தான் குனிந்து எடுத்தாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில். அதே ஞாயிற்றுக்கிழமை கிளியனூரிலிருந்து சித்தப்பாவும் அவர் வீட்டு ஆட்களும் பேச வருவதாக இருந்தது. "வந்தா ஒரு முடிவு தெரிஞ்சிடும்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை சித்தி கேட்டாள்: "நான் உங்கூட வரட்டுமா?"

"எதுக்கு? பி.டி. சார் இருக்காரு."

சனிக்கிழமை கேட்டாள்: "நான் வெளியவே உக்காந்துக்கிறேன். உள்ளகூட வரல."

"எல்லாரும் இது யாருன்னு கேப்பாங்க சித்தி."

ஞாயிறு காலையில் தலை பின்னி முடித்து ரிப்பனைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு எரிச்சல்.

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு டிராதான் வரும். நீ வராத."

"அதுவும் சரிதான்" என்று ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

நான்கு ஆட்டம். முதல் மூன்றும் ஆரம்பித்த வேகத்தில் முடிந்தன. நான் மனப்பாடமாக வைத்திருந்த கடைசிப் பகுதிவரை போக யாரும் என்னை விடவில்லை. நான்காவது ஆட்டத்தில் எதிரே ஒரு பையன், பெரிய பள்ளி, கழுத்தில் தண்ணீர் பாட்டில். அவனுக்கும் அவசரம், எனக்கும் பயம். காய்களை மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டதில் பலகையே காலியாகிவிட்டது. கடைசியில் அவனிடம் ராஜாவும் சிப்பாயும். என்னிடம் ராஜா மட்டும்.

நான் படித்திருந்தது அவன் பக்கத்தை. இந்தப் பக்கம் சித்தியுடையது. நேராகப் பின்னால் போனேன். அவன் வந்ததும் ஒரு கட்டம் விட்டு எதிரே நின்றேன். முடிவில் எனக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை. அவன் அழுதுவிட்டான். "நாலு ஆட்டத்துல அரைப் புள்ளி" என்று பி.டி. சார் பெருமூச்சு விட்டார். அந்த அரைப் புள்ளியை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆணியில் சித்தியின் பை இல்லை.

"சித்தி எங்கம்மா?"

"கெளம்பிட்டாங்க. மூணு மணி பஸ்ஸு."

"நான் வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா?"

அம்மா கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவினாள். அலமாரியில் காலண்டர் அட்டை இருந்தது. மூன்று காய்களும் காகிதத்தில் மடிக்கப்பட்டு அதன்மேல் இருந்தன.

சித்தி இன்னும் கிளியனூரில்தான் இருக்கிறாள். விசேஷங்களில் பார்ப்பேன். சாப்பிட்டியா என்பாள், பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்பாள். அந்த அரைப் புள்ளியைப் பற்றி நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. குழுவில் கேட்ட அந்த அம்மாவுக்கும் பதில் போடவில்லை. கடைசி ஆட்டம் எனக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதுவும் நான் படிக்காத பக்கத்தில்.

அன்று எனக்குச் சித்தி மேல் கோபம். ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கக் கூடாதா என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்று தடவை கேட்டதும் எனக்குத் துணையாக வருவதற்குத்தான் என்றே நினைத்திருந்தேன்.